கீரைக்கார அக்காவுக்கு டீம் சேர்த்த கதை

போன மாதம் நான் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பேசியது ஜெனிஃபர். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்து இ.சி.ஜி. எடுக்கும் பெண்.

"அண்ணே, இங்க இதயத் துடிப்புக்குன்னே தனி கிளினிக் தொடங்கிட்டாங்க. சுவத்துல பெரிய படம் மாட்டியிருக்கு. நடுவுல நோயாளி, சுத்தி ஏழு வட்டம். டாக்டர், நர்ஸ், பார்மசிஸ்ட், டயட்டீசியன்னு ஆளுக்கொரு வட்டம். இந்த டீமை நம்ம ஆஸ்பத்திரியில முதல்ல ஆரம்பிச்சது யாருண்ணே?"

"ஒரு கீரைக்கட்டு" என்றேன்.

"வெளாடாதீங்கண்ணே. ஆஸ்பத்திரி மலருக்கு ரெண்டு பக்கம் வேணும்."

விளையாடவில்லை. அதனால் நானே எழுதுகிறேன். ரெண்டு பக்கத்தைத் தாண்டினால் ஜெனிஃபர் வெட்டிக்கொள்ளட்டும், எதை வெட்டினாலும் என் தப்பைப் பற்றி வருகிற இடத்தை மட்டும் விட்டுவிட வேண்டும்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அலங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து ரெண்டு வருடம் படித்தேன். வலது கைக்குச் சிவப்பு, இடது கைக்கு மஞ்சள், இடது காலுக்குப் பச்சை, வலது காலுக்குக் கறுப்பு என்று மனப்பாடம் செய்தேன். பழங்காநத்தத்தில் இருந்த இந்த ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாளே சிவப்பையும் மஞ்சளையும் மாற்றி மாட்டினேன். தாளைக் கையில் வாங்கிப் பார்த்தார் டாக்டர் சுகவனம்.

"தங்கராசு, இவருக்கு இதயம் வலது பக்கம் இருக்கு."

"ஆமா சார், நானும் கவனிச்சேன்" என்றேன் பெருமையாக. கவனிக்கவே இல்லை.

"அப்படியா?" என்றார்.

அவ்வளவுதான். திட்டவில்லை. நானாகவே திரும்பிப் போய், வயரைச் சரியாக மாட்டி, அந்த மனிதரின் இதயத்தை இடது பக்கத்துக்குக் கொண்டுவந்தேன்.

டாக்டர் சுகவனம்தான் எங்கள் இதயப் பிரிவின் தலைவர். ஒல்லியாக இருப்பார். சட்டைப் பையில் எப்போதும் நன்றாகச் சீவிய பென்சில் இருக்கும். அவர் குரலை உயர்த்தி ஒருவரும் கேட்டதில்லை. அவரிடம் இருந்ததெல்லாம் அந்த 'அப்படியா' ஒன்றுதான். ஆனால் அதில் வகை உண்டு. 'யா'வை இழுத்தால் நம்பவில்லை என்று அர்த்தம். வெட்டென்று முடித்தால், நீ செய்தது தப்பு, போய்த் திருத்து. கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே சொன்னால், நோயாளியின் சொந்தக்காரர்களைக் கூப்பிடு. நாலாவது வகை ஒன்று உண்டு என்று மூத்த நர்ஸ்கள் சொல்வார்கள். சந்தோஷ 'அப்படியா'. அதைக் கேட்க எனக்குப் பல வருடம் ஆனது.

தாளம் தப்பிய துடிப்பைக் கண்டுபிடிக்க அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முறை ரெண்டு. முதலாவதுக்கு ஒரு துண்டுத் தாளும் அவருடைய பென்சிலும் போதும். இ.சி.ஜி. கோட்டின் மேல் துண்டுத் தாளின் ஓரத்தை வைத்து, அடுத்தடுத்து வரும் நாலு உச்சிகளுக்கு நேரே பென்சிலால் புள்ளி வைக்க வேண்டும். பிறகு தாளை மெதுவாக நகர்த்த வேண்டும். சரியான இதயம் என்றால் புள்ளிகள் அடுத்த உச்சிகளிலும் போய்ப் பொருந்தும். தாளம் தப்பிய இதயத்தில் எங்கே நகர்த்தினாலும் பொருந்தாது.

ரெண்டாவதுக்கு ரெண்டு பேர் வேண்டும், வாட்ச் ஒன்று போதும். ஒருவர் ஸ்டெதஸ்கோப்பை வைத்து நெஞ்சில் எண்ண வேண்டும், அதே நிமிடத்தில் இன்னொருவர் மணிக்கட்டில் நாடியை எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி ரெண்டால் பெருக்குகிற வேலையே கூடாது, முழு நிமிடம். தாளம் கெட்ட இதயத்தில் சில துடிப்புகள் கை வரைக்கும் வந்து சேராது. அதனால் நெஞ்சில் ஒரு கணக்கும் கையில் ஒரு கணக்குமாக வரும்.

பாண்டியம்மாள் அக்கா எங்களிடம் வந்தபோது இந்த ரெண்டையும் செய்தோம்.

இது நடந்து பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். பரவை மார்க்கெட்டில் கீரை வியாபாரம் செய்பவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஆகிருதியான உடம்பு, அதைவிட ஆகிருதியான குரல். முதல் நாள் காலையில் கடையில் உட்கார்ந்திருக்கும்போது கையிலிருந்த சிறுகீரைக் கட்டு தானாக நழுவி விழுந்திருக்கிறது. எடுக்கப் போனால் கை வரவில்லை. பேசினால் வாய் ஒரு பக்கம் கோணியது, நாக்குக் குழறியது. அரை மணி நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. எழுந்து மிச்சக் கீரையையும் விற்றுவிட்டுத்தான் வீட்டுக்குப் போயிருக்கிறார். மருமகள் முத்துலட்சுமிதான் மறுநாள் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

படுக்கையில் படுக்கவைத்து நான் வயரை எடுத்தேன்.

"தம்பி, இது ஷாக் அடிக்குமா?"

"அடிக்காதுக்கா. உங்க கரண்டைத்தான் நாங்க எடுத்துப் பாக்குறோம்."

"எடுத்துக்கிட்டுத் திருப்பிக் குடுத்துருவீகள்ல?"

கட்டிலில் வாட்சை வைத்துவிட்டு டாக்டர் நெஞ்சில் எண்ணினார், நான் மணிக்கட்டில் எண்ணினேன். நிமிடம் முடிந்ததும் டாக்டர், "நூத்து இருபத்தெட்டு" என்றார். நான், "தொண்ணூத்தாறு சார்" என்றேன்.

பாண்டியம்மாள் அக்கா எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரே வாட்சைப் பாத்து ஆளுக்கொரு கணக்குச் சொல்றீக. ஒண்ணாப்புல உங்களுக்கு வேற வேற வாத்தியாரா?"

டாக்டர் அவர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து விளக்கினார். சின்ன வயதில் வந்த ஏதோ ஒரு காய்ச்சல் இதயத்தின் வால்வு ஒன்றைச் சுருக்கிவிட்டிருந்தது. அதனால் மேலறை வீங்கி, ஒழுங்காகத் துடிக்காமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருந்தது. நடுங்குகிற அறையில் ரத்தம் தேங்கும், தேங்கினால் கட்டியாகும், கட்டி மூளைக்குப் போனால் நேற்று அரை மணி நேரம் கோணிய வாய் அப்படியே நின்றுவிடும். ஆபரேஷன் இப்போது வேண்டாம், ஆனால் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போட்டே ஆக வேண்டும். மாதம் ஒரு தடவை ரத்தம் எடுத்து ஒரு எண் பார்ப்போம். அந்த எண் ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவில் இருக்க வேண்டும். ரெண்டுக்குக் கீழே போனால் ரத்தம் கட்டும், மூணுக்கு மேலே போனால் ரத்தம் கசியும்.

"பள்ளிக்கூடத்துலயே ரெண்டு மார்க்குத் தாண்டுனதில்ல நானு" என்றார் அக்கா. "பாப்போம்."

தாண்டினார். அதுதான் பிரச்சினையே. ஆடி மாதம் எண் நாலைத் தாண்டியது. மாத்திரையைக் குறைத்தோம். ஆவணியில் ஒன்றரைக்கு இறங்கியது. கூட்டினோம். புரட்டாசியில் மறுபடியும் நாலு. குறைத்தோம். ஐப்பசியில் மறுபடியும் ஒன்றரை. எங்கள் பிரிவே தலையைப் பிய்த்துக்கொண்டது.

"மாத்திரையை விட்டு விட்டுப் போடுறீங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

"எங்க விட முடியுது? இவ விட்டாத்தானே" என்று மருமகளைக் கை காட்டினார் அக்கா. முத்துலட்சுமி தினக் காலண்டரில் கிழித்த தாளை எல்லாம் எறியாமல் கட்டி வைத்துக் கொண்டுவந்திருந்தாள். ஒவ்வொரு தாளிலும் மாத்திரை கொடுத்ததற்கு ஒரு டிக் இருந்தது.

"அப்படியா?" என்றார் டாக்டர், 'யா'வை இழுத்து.

அப்போதுதான் எங்கள் ஆஸ்பத்திரியில் முதல் முறையாக ஒரு டயட்டீசியன் சேர்ந்திருந்தார். கௌசல்யா. கல்லூரி முடித்த கையோடு வந்த பெண், கையில் புதுக் கோப்பு. அக்காவை எதிரே உட்காரவைத்து, அவர் என்ன தொழில் செய்கிறார் என்று கேட்காமலேயே, "அம்மா, இந்த மாத்திரை போடுற வரைக்கும் கீரையே சாப்பிடக்கூடாது. கீரை மாத்திரையோட வேலையைக் கெடுத்துடும்" என்று சொல்லிவிட்டார்.

அக்கா எழுந்தார். "நாப்பது வருசமாக் கீரை விக்கிறேன். சத்து, சத்துன்னு சொல்லித்தான் விக்கிறேன். இனிமே, எனக்கு இது ஆகாது, நீங்க திங்கலாம்னு சொல்லியா விக்கச் சொல்ற? வாடி முத்துலட்சுமி."

போனவர் போனவர்தான். பதினைந்து நாள் கழித்து வரச் சொன்ன ரத்தப் பரிசோதனைக்கு வரவில்லை. மருமகளுக்குப் போன் போட்டால், "வர மாட்டேங்குது சார், மாத்திரையை மட்டும் என் தொல்லைக்காகப் போடுது" என்றாள். எந்த எண்ணில் இருக்கிறார் என்று தெரியாமல் அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டிருப்பது எவ்வளவு ஆபத்து என்று எங்களுக்குத்தான் தெரியும்.

டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "தங்கராசு, நீங்க ஒரு நடை போய்ப் பாத்துட்டு வாங்க. யூனிபார்ம் வேண்டாம்."

மறுநாள் காலை ஆறு மணிக்கு மொபெட்டில் பரவைக்குப் போனேன். திண்டுக்கல் ரோட்டில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. அக்கா ஒரு தகரக் கூரையின் நிழலில் அரைக்கீரை, சிறுகீரை, முருங்கை, அகத்தி என்று குவித்து வைத்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"என்ன கீரை வேணும்?"

"அக்கா, நான் தங்கராசு. ஆஸ்பத்திரி."

"தெரியுது. அதான் கேட்டேன். அங்கிட்டுக் கீரைன்னா வெசமாச்சே, இங்கிட்டு வந்தாவது வாங்கித் திங்கிறியான்னு."

எதிர்ப்பக்கம் முருங்கைக்காய் விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மா என்னைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "ஏப்பா, அந்தக் கடையில வாங்காத. அம்புட்டும் நேத்துக் கீரை."

அந்த அம்மாவின் பெயர் சோலையம்மாள். அந்தத் தகர நிழல் யாருக்குச் சொந்தம் என்பதில் வந்த சண்டையில் ரெண்டு பேருக்கும் ஒன்பது வருடமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. நேராகப் பேச மாட்டார்கள், வாடிக்கையாளர் மூலமாகப் பேசிக்கொள்வார்கள்.

பாண்டியம்மாள் அக்காவும் என்னிடமே பதில் சொன்னார்: "தம்பி, முருங்கைக்காய்க்குள்ள புழு இருக்குன்னு ஊருக்கே தெரியும்னு சொல்லு."

நான் அங்கேயே ஒரு சாக்கில் உட்கார்ந்துவிட்டேன். வேறு வழி தெரியவில்லை. பத்து மணி வரைக்கும் கீரைக்கட்டை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மார்க்கெட் ஓய்ந்ததும் அக்கா மிச்சமிருந்த எட்டுக் கட்டுகளையும் கூடையில் போட்டார்.

"இது எங்கக்கா போகுது?"

"எங்க போகும்? வீட்டுக்குத்தான். வெங்காயமா, நாளைக்கு வச்சு விக்க? கூட்டு, பொரியல், மசியல்னு நாலு வகையா ஆக்கித் தின்னு தீத்துருவோம்."

"எல்லாம் வித்துப்போச்சுன்னா?"

"வித்துப்போச்சுன்னா வீட்ல ரசம்."

நான் எழுந்து நின்றுவிட்டேன். "அக்கா, ஆடி மாசம் வியாபாரம் எப்படி?"

"ஆடியில ஒரு தழை மிஞ்சாது. அம்மன் கோயில் கூழுக்கு முருங்கைக்கீரையைக் கட்டுக்கட்டா அள்ளிட்டுப் போயிருவாக."

"ஆவணி?"

"கல்யாண மாசம். கீரையை எவன் சீந்துறான்? முக்காவாசி வீட்டுக்குத்தான்."

"புரட்டாசி?"

"கறி திங்காத மாசம்ல. பறக்கும்."

"ஐப்பசி?"

"மழை. ஈ ஓட்டணும். ஏன், நீ என்ன கடை போடப் போறியா?"

ஆடியில் கீரை மிஞ்சவில்லை, எண் நாலு. ஆவணியில் வீட்டில் கீரையாக மிஞ்சியது, எண் ஒன்றரை. மாத்திரையில் ஒரு குறையும் இல்லை. மார்க்கெட் ஏறினால் அவர் எண் ஏறியது, இறங்கினால் இறங்கியது. நாங்கள் அது தெரியாமல் மாத்திரையைக் கூட்டியும் குறைத்தும் அதை இன்னும் ஆட்டிவிட்டிருந்தோம்.

ஆஸ்பத்திரிக்கு வந்து ஒரு பஞ்சாங்கக் காலண்டரை டாக்டர் மேசையில் விரித்து, மாதத்துக்கு மாதம் விரல் வைத்துச் சொன்னேன். அவர் பென்சிலைக் கீழே வைத்தார்.

"அப்படியா!" என்றார்.

நாலாவது வகை. நான் அன்று மதியம் கேன்டீனில் ரெண்டு வடை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

கீரையை நிறுத்த வேண்டாம், தினமும் ஒரே அளவு சாப்பிடட்டும், அந்த அளவுக்கு ஏற்ற மாதிரி மாத்திரையை நாம் வைத்துக்கொள்வோம் என்றார் டாக்டர். கௌசல்யாவுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் நல்ல பெண். மறுநாள் தானே பஸ் ஏறிப் பரவைக்குப் போய், "நான் கேக்காமப் பேசிட்டேம்மா" என்றார். அக்கா அவருக்கு ஒரு கட்டுப் பொன்னாங்கண்ணியைக் கொடுத்து மன்னித்தார். தினமும் ஒரு கரண்டிக் கீரை என்று முடிவானது. அக்கா உடனே கல்யாண வீட்டுச் சாம்பார்க் கரண்டி ஒன்றைக் கொண்டுவந்து, "இதுதான் எங்க வீட்டுக் கரண்டி" என்றார். கௌசல்யா தன் கையாலேயே ஒரு சின்னக் கரண்டியை வாங்கி முத்துலட்சுமியிடம் ஒப்படைத்தார். மாமியாருக்கு அளந்து போடும் அதிகாரம் கையில் வந்ததில் முத்துலட்சுமியின் முகத்தில் தெரிந்த ஒளியை நான் எந்த விளக்கிலும் பார்த்ததில்லை.

கார்த்திகையில் எண் ரெண்டே கால். மார்கழியில் ரெண்டரை. நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தோம்.

தை மாதம், பொங்கல் முடிந்த வாரத்தில் ஒரு மதியம், அக்காவை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். உள்ளங்கை சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. மூன்று நாளாக மலம் கறுப்பாகப் போயிருக்கிறது, வியாபார மும்முரத்தில் யாரிடமும் சொல்லவில்லை. நான் இ.சி.ஜி. எடுத்தேன். துடிப்பு நூற்று ஐம்பதைத் தாண்டி ஓடியது. அவசரமாக ரத்தம் எடுத்துப் பார்த்ததில் எண் ரெண்டே முக்கால்.

அக்கா என் கையைப் பிடித்தார். அந்தப் பெரிய குரல் எங்கே போனதென்று தெரியவில்லை.

"தம்பி, நான் ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுலதான இருக்கேன்?"

"நடுவுலதான் இருக்கீங்கக்கா."

"பெறகு ஏன் கண்ணு இருட்டுது?"

டியூட்டி டாக்டர் ரத்தம் ஏற்ற ஏற்பாடு செய்தார். அட்மிஷன் போடுவதற்காக முத்துலட்சுமி மாமியாரின் சுருக்குப் பையைக் கட்டிலில் கொட்டி அடையாள அட்டையைத் தேடினாள். வெற்றிலை, பாக்கு, சாவிக்கொத்து விழுந்தன. கூடவே ஒரு பச்சை அட்டை மாத்திரையும் விழுந்தது. பத்தில் ஏழு காலி.

டியூட்டி டாக்டர் எடுத்துப் பார்த்தார். "வலி மாத்திரை. ரத்தம் உறையாத மாத்திரையோட இதையும் போட்டா வயித்துல புண்ணாகி ரத்தம் கொட்டாம என்ன செய்யும்? எண் சரியா இருந்து என்ன பிரயோஜனம்? எவன் குடுத்தான் இதை?"

கொடுத்தவன் அந்தக் கட்டிலின் கால்மாட்டில்தான் நின்றிருந்தான்.

அன்று மார்க்கெட்டில் உட்கார்ந்திருந்தபோது அக்கா முழங்கால் வலி என்று முனகினார். எனக்கு இடுப்பு வலி உண்டு, சட்டைப் பையில் எப்போதும் ஒரு அட்டை வைத்திருப்பேன். "போடுங்கக்கா, நல்லாக் கேக்கும்" என்று பாதி அட்டையைக் கிழித்துக் கொடுத்தேன். கீரையைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் செய்த காரியம். நன்றாகவே கேட்டிருக்கிறது. தீர்ந்ததும் வெற்று அட்டையைக் காட்டி மார்க்கெட் வாசலில் இருந்த மெடிக்கல் கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். அதற்குள் இருபது வருடத்தை இதய நோயாளிகளோடு கழித்திருந்தவன் நான். எனக்குத் தெரியாமல் இல்லை. நினைப்பு வரவில்லை, அவ்வளவுதான். அப்படிச் சொல்வது இன்னும் மோசமாக இருக்கிறது.

"எவன் குடுத்தான்னு கேக்கிறாருல்ல, சொல்லு அத்தே" என்று அழுதாள் முத்துலட்சுமி.

அக்கா கண்ணைத் திறக்கவில்லை. "எவனும் குடுக்கல. நானாத்தான் கடையில வாங்குனேன்."

என் பக்கம் திரும்பக்கூட இல்லை. கட்டிலில் கிடக்கிற அந்த நிலையிலும் என்னைக் காப்பாற்றிவிட்டார்.

கடைக்காரர் மேல் எல்லோருக்கும் கோபம். நான் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால் போதும். ஒரு மணி நேரம் அப்படியே இருந்தும் பார்த்தேன். மிஷினைத் துடைத்தேன், துடைத்ததையே மறுபடியும் துடைத்தேன். பிறகு டாக்டர் சுகவனத்தின் அறைக்குப் போனேன். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், அந்தப் பச்சை மாத்திரையை முதல்ல குடுத்தது நான்தான்."

எந்த வகை 'அப்படியா' வரப்போகிறது என்று காத்திருந்தேன். எதுவும் வரவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. கடைசியில் தன் டீயை என் பக்கம் நகர்த்தினார்.

"குடிங்க. நாளையிலிருந்து நம்மகிட்ட வர்ற ஒவ்வொருத்தர் பையையும் கொட்டச் சொல்லிப் பாருங்க. என்னென்ன மாத்திரை இருக்குன்னு எழுதுங்க." பென்சிலால் என் சட்டைப் பையைக் காட்டி, "உங்க சட்டைப் பையிலேருந்து ஆரம்பிங்க" என்றார்.

அடுத்து வந்ததுதான் கடினம். வயிற்று டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துப் புண்ணிலிருந்து வந்த ரத்தத்தை நிறுத்தினார். "ரத்தம் உறையாத மாத்திரையை இனி தொடவே கூடாது. இன்னொரு தடவை கசிஞ்சா தாங்க மாட்டாங்க" என்றார். டாக்டர் சுகவனம், "கொடுக்காம விட்டா மூளைக்குக் கட்டி போகும். ஏற்கனவே ஒரு தடவை எச்சரிக்கை வந்தாச்சு" என்றார். ரெண்டு பேரும் சொன்னது சரி. இத்தனை வருடம் இருவரும் ஒருவருக்கொருவர் சீட்டு எழுதித்தான் அனுப்பிக்கொள்வார்கள். அக்காவோ சீட்டு வந்து போகிற வரைக்கும் காத்திருக்கிற நிலையில் இல்லை.

டாக்டர் சுகவனம் எல்லோரையும் அக்காவின் கட்டிலுக்கே வரச் சொன்னார். வயிற்று டாக்டர், மூளை நரம்பு டாக்டர், எங்கள் பார்மசிஸ்ட், கௌசல்யா, வார்டு நர்ஸ், முத்துலட்சுமி, நான். கட்டிலைச் சுற்றி நின்று பேசினோம். மறுபடி ரத்தம் கசிகிறதா என்பதைத் தினமும் யார் பார்ப்பது, எப்போது மறுபடி தொடங்குவது, வயிற்றைக் காக்கும் மாத்திரையை எத்தனை நாள் கொடுப்பது என்று ஒவ்வொன்றாக முடிவானது. அக்கா எங்களை எல்லாம் எண்ணிப் பார்த்தார்.

"எட்டுப் பேரு சுத்தி நிக்கிறீக. நான் பொழைக்க மாட்டேனா?"

"நீங்க பொழைக்கத்தான் நிக்கிறோம்" என்றார் டாக்டர். "இன்னும் யாராவது வேணுமா?"

அக்கா யோசித்தார். "மெடிக்கல் கடை காதர் பாயையும் கூப்பிடுங்க. பாவம், எல்லாரும் அவரத் திட்டுறீக. நான் உங்க மாத்திரையப் பத்தி அவருகிட்ட மூச்சு விட்டதில்ல."

அப்படித்தான் மறுநாள் காதர் பாய் வந்து எங்கள் பார்மசிஸ்ட் பக்கத்தில் நின்றார். "ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருந்தா குடுத்திருப்பேனா சார்? இங்க ஒரு சீட்டு, அங்க ஒரு சீட்டு. அந்தம்மாவுக்கு வயிறு ஒண்ணுதானே?" என்றார். எங்களில் ஒருவரும் அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

எட்டு நாள் மாத்திரையை நிறுத்தி வைத்தோம். அந்த எட்டு நாளும் நான் வேலைக்கு வந்ததும் முதலில் அந்த வார்டுக்குத்தான் போவேன். அக்காவைச் சிரிக்கச் சொல்வேன், வாய் நேராக இருக்கிறதா என்று பார்க்க. ரெண்டு கையையும் தூக்கச் சொல்வேன். "என்னடா இது, தினமும் காலையில சாமி கும்பிடச் சொல்ற?" என்பார். ஒன்பதாம் நாள் மாத்திரையைக் குறைந்த அளவில் மறுபடி தொடங்கினோம். ரத்தமும் கசியவில்லை, வாயும் கோணவில்லை. மாசியில் எண் ரெண்டே காலில் வந்து நின்றது.

காதர் பாய் தன் கடையில், 'கீரைக்கார அக்காவுக்கு வலி மாத்திரை கிடையாது' என்று அட்டையில் பெரிதாக எழுதி ஒட்டிவிட்டார். மார்க்கெட்டே படித்தது. அக்கா சண்டைக்குப் போனார். அவர் எழுத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினார்.

பை கொட்டும் வேலை என்னோடு ஒட்டிக்கொண்டது. ஓய்வு பெறும் வரைக்கும் எத்தனையோ பைகளைக் கொட்டியிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த மாத்திரை, மச்சினனுக்கு எழுதிய மாத்திரை, என்னவென்றே தெரியாத லேகியம், ஒரு வாத்தியாரின் பையில் மாட்டு வைத்தியர் கொடுத்த பொடி. கீரைக்கு அசையாத புது மாத்திரைகள் இப்போது வந்துவிட்டன, ஆனால் வால்வு சுருங்கியவர்களுக்கு இன்றும் பழையதுதான். பையைக் கொட்ட மட்டும் எல்லோருக்கும் ஒரு ஆள் வேண்டும், ஜெனிஃபர்.

அடுத்த வருடம் ஒரு காலை, என் அறை வாசலில் பெரிய சத்தம். பாண்டியம்மாள் அக்கா ஒரு அம்மாவின் மணிக்கட்டை இறுகப் பிடித்து இழுத்து வந்துகொண்டிருந்தார். சோலையம்மாள்.

"தம்பி, இவள மொதல்ல படுக்க வையி. மூட்டையத் தூக்கும்போது மூச்சு வாங்குனா. கையப் பிடிச்சுப் பாத்தேன். எனக்குத் துள்ளுற மாதிரியே துள்ளுது."

"பத்து வருசமாப் பேசாதவ, இன்னைக்கு வந்து கையப் பிடிச்சுக்கிட்டு விட மாட்டேங்கிறா சார்" என்றார் சோலையம்மாள். "விடச் சொல்லுங்க."

வயரை மாட்டினேன். தாள் வெளியே வந்தது. துண்டுத் தாளை வைத்து நாலு புள்ளி வைத்து நகர்த்தினேன். ஒன்றும் பொருந்தவில்லை. அக்கா சொன்னது சரி.

டாக்டர் சுகவனம் அதே மாத்திரையை எழுதிக்கொடுத்துவிட்டு, யார் கவனித்துக்கொள்வார்கள் என்று கேட்டார். சோலையம்மாளுக்குப் பிள்ளைகள் இல்லை, தனி ஆள். "நான் பாத்துக்கிறேன்" என்றார் பாண்டியம்மாள் அக்கா. "இவ பாத்துக்கிறதுக்கு நான் செத்தே போகலாம்" என்றார் சோலையம்மாள். டாக்டர் ரெண்டு பேரையும் பார்த்துவிட்டு, சீட்டின் ஓரத்தில் பாண்டியம்மாள் பெயரை எழுதினார்.

எனக்குக் கவலையாகத்தான் இருந்தது. ஆனால் மாதம் தவறாமல் ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வந்தார்கள், முன்னும் பின்னுமாக வேறு வேறு சீட்டில் உட்கார்ந்து. சோலையம்மாளின் எண் ஒரு மாதம்கூட ரெண்டுக்குக் கீழே இறங்கவில்லை, மூணுக்கு மேலே ஏறவில்லை. எங்கள் பிரிவிலேயே அப்படி ஒரு நோயாளி கிடையாது.

ஒரு நாள் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "எப்படிக்கா இவங்களை ஒரு நாள்கூட விடாம மாத்திரை போட வைக்கிறீங்க?"

அக்கா சோலையம்மாள் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தினார். அவருக்கு அப்படிப் பேச வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

"நான் எங்க போடச் சொல்றேன்? தினமும் காலையில எதுக்க நின்னு, 'இன்னைக்கு மாத்திரை போடாத தாயி, நீ போய்ச் சேந்தா அந்த நிழலு முழுக்க எனக்குத்தான்'னு சொல்லிட்டு வாரேன். எனக்கு முன்னாடியே வாயில போட்டு, தண்ணியக் குடிச்சு, நாக்க நீட்டிக் காட்டுறா."